பேர் போடாத வேலை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரைக்காகச் சங்கச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, "சீனி வருத்தத்தைப் பற்றிப் பேசுங்கள் டொக்டர், எங்கள் வயதுக்கு அதுதான் தேவை" என்றார். மண்டபத்துக்குள் வரும்போது தேநீர் மேசையைப் பார்த்தேன். கேக், லட்டு, கொக்கிஸ் எல்லாம் இருக்கின்றன. அதற்குப் பிறகு சீனி வருத்தத்தைப் பற்றிப் பேசினால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆகவே வேறொன்றைப் பற்றிப் பேச அனுமதி வாங்கிக்கொண்டேன். கைவேலையைப் பற்றி, அதற்கு நாம் கொடுக்கும் விலையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

வைத்தியர் ஒருவர் இதைப் பேசக் காரணம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சில மாதங்களுக்கு முன் என் கிளினிக்குக்கு ஓர் அம்மா வந்தார். வயது ஐம்பதை நெருங்குகிறது. பகலில் கொழுந்து பறிக்கிறார். "டொக்டரம்மா, ராத்திரியில வெரல் எல்லாம் மரத்துப் போவுதுங்க. கைய ஒதறிக்கிட்டே உக்காந்திருக்கேன்" என்றார். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகின்றன, இரவில் கூடுகிறது, உதறினால் குறைகிறது. மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளம் இது. பரிசோதித்துவிட்டு, "இரவில் என்ன வேலை செய்வீர்கள்?" என்று கேட்டேன். "வேலையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சும்மா குரோஷா போடுவேன்" என்றார்.

அந்தச் "சும்மா" என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். மேலும் கேட்டேன். ஒருவர் நூல் கொண்டுவந்து கொடுக்கிறார். இவர் தொப்பி பின்னிக் கொடுக்கிறார். ஒரு தொப்பிக்கு ஆறு மணித்தியாலம் பிடிக்கும். கூலி 350 ரூபாய். அதே தொப்பி பேஸ்புக்கில் 1,900 ரூபாய்க்குப் போடப்பட்டிருப்பதை அவருடைய மகள் தன் தொலைபேசியில் எனக்குக் காட்டினாள்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 169 ரூபாய். அது போதாது என்று நாம் எல்லோரும் சொன்னோம். அந்தப் போதாத கணக்கிலேயே பார்த்தாலும் ஆறு மணித்தியாலத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வர வேண்டும். இந்த அம்மாவுக்குக் கிடைத்தது மணித்தியாலத்துக்கு 58 ரூபாய். நாம் போதாது என்று சொன்ன கூலியில் அது மூன்றில் ஒரு பங்கு. அதைத்தான் அவர் "வேலையில்லை, சும்மா" என்றார்.

நகரத்தில் பிறந்த தோழியருக்கும், வெளிநாட்டிலே இந்த மலரை வாசிக்கப் போகிறவர்களுக்கும் நம் தோட்டத்துச் சொல் ஒன்றை நினைவூட்ட வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை "ஒரு பேர்" என்பார்கள். பெரட்டுக்குப் போய், மலையேறி, சொன்ன கிலோவைப் பறித்து நிறுத்துக் கொடுத்தால் ஒரு பேர் போடுவார்கள். நிறை குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில் பெண்ணின் பெயர் எழுதியிருக்கும். அதற்கு நேரே ஒரு பேர் விழும். அந்தப் பேருக்காக எங்கள் தாய்மாரும் பாட்டிமாரும் எவ்வளவு சண்டை பிடித்தார்கள்! ஆனால் அதே பெண் லயத்துக்கு வந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, விளக்கடியில் உட்கார்ந்து பின்னுகிறாளே, அதற்கு யாரும் பேர் போடுவதில்லை. பேர் போடாததால் அது வேலையே இல்லை என்று ஆகிவிட்டது.

என் அம்மாவும் அப்படிப் பின்னியவர்தான்.

நாங்கள் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்தோம். அம்மாவுக்குக் கம்பளி பின்னக் கற்றுக் கொடுத்தவர் பிள்ளை மடுவத்தில் வேலை பார்த்த ஒரு பெரியம்மா. பின்னல் ஊசி வாங்கக் காசில்லை. உடைந்த குடையின் கம்பியை எடுத்து, இரண்டு முனையையும் கல்லில் உரசிக் கூராக்கி ஊசியாக்கினார்கள். நூலும் புதிது இல்லை. அட்டனில் நடைபாதையில் விற்கும் பழைய சுவெட்டர்களை வாங்கி வந்து, தையலை வெட்டி, இழை இழையாகப் பிரித்து, கேத்தலில் இருந்து வரும் ஆவியில் பிடித்துச் சுருக்கம் எடுத்து, உருண்டையாகச் சுற்றிக்கொள்வார்கள். அந்த உருண்டையைச் சுற்றுவது என் வேலை. பாடம் படித்துக்கொண்டே சுற்றுவேன். இன்றுகூட ஈரக் கம்பளி வாசம் வந்தால் எனக்குச் சாதாரண தரப் பரீட்சைதான் ஞாபகம் வருகிறது.

பின்னிய தொப்பிகள் நல்லதண்ணிக்குப் போகும். மார்கழிப் போயா தொடங்கி வெசாக் வரைக்கும் சிவனொளிபாத மலைப் பருவம். அட்டன் ரயில் நிலையத்தில் இறங்கி மஸ்கெலியா வழியாகப் போகும் கூட்டத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரவில் ஏறி விடியலில் சூரியன் பார்க்கப் போகிறவர்களுக்கு உச்சியில் குளிர் தாங்காது. வழிநெடுகக் கடைகளில் தொப்பி, கையுறை, சால்வை தொங்கும். அங்கே ஒரு கடைக்காரருக்கு அம்மா டசன் கணக்கில் கொடுத்தார். காதுவரை மூடும் தொப்பி. மெல்லிய குடைக்கம்பி ஊசியில் பின்னுவதால் ஒன்றுக்கு எட்டு மணித்தியாலம். கடைக்காரர் கொடுத்தது 40 ரூபாய். விற்காததைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். விற்றதற்கும் பருவம் முடிந்த பிறகுதான் காசு.

இப்போது சொல்லப் போவது, இதுவரை நான் எந்த மேடையிலும் சொல்லாதது.

1996இல் நான் தரம் பத்தில் படித்தேன். அந்த ஆண்டு நம் கல்லூரியில் ஒரு சந்தை நடந்தது. எங்கள் தையல் டீச்சர், "உங்கள் வீடுகளில் செய்த பொருள் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள், விற்றுத் தருகிறேன்" என்றார். அம்மா ஆறு தொப்பிகளைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார். நான் மேசையில் அடுக்கி வைத்தேன். என் வகுப்புத் தோழி ஒருத்தி தன் தாயாரோடு வந்தாள். அந்த அம்மையார் ஒரு தொப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "நல்லாயிருக்கே, யார் பின்னியது?" என்று கேட்டார். பக்கத்தில் தோழி நிற்கிறாள். என் வாயில் வந்தது: "கடையிலே எடுத்தது அன்ட்டி."

பின்னால் நின்ற டீச்சர் அதைக் கேட்டுவிட்டார். அங்கே ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் எல்லோரும் போன பிறகு தையல் அறைக்குக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு கொப்பியை எடுத்து வைத்து, "நூலுக்கு எவ்வளவு? எத்தனை மணித்தியாலம் பிடித்தது? பஸ் காசு எவ்வளவு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதச் சொன்னார். எழுதினேன். நூலுக்கு 15 ரூபாய் போனால் மிச்சம் 25. எட்டு மணித்தியாலம் என்பது ஒரு முழுப் பேர். அந்த நாளில் மலையில் ஒரு பேருக்குக் கிடைத்ததில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். டீச்சர் என்னைப் பார்த்து, "கடையிலே எடுத்தால் இந்த விலைக்குக் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். அன்று அவர் ஒரு தொப்பியை 90 ரூபாய்க்கு விற்றிருந்தார். ஆறும் விற்றுப்போயின.

அந்த டீச்சர் இன்று நம்மிடையே இல்லை. கொப்பி என்னிடம் இருக்கிறது.

கணக்குத் தெரிந்த பிள்ளைக்குக் கர்வம் வரும். எனக்கும் வந்தது. வீட்டுக்கு ஓடிப்போய், "இனிமேல் அறுபது ரூபாய்க்குக் குறைத்துக் கொடுக்காதீர்கள்" என்று அம்மாவுக்கு உத்தரவு போட்டேன். அம்மா சிரித்தார். "கணக்குப் பாத்தா கை ஓடாது புள்ள" என்றார். ஆனாலும் மகள் படித்தவள் என்று நம்பி, அந்தப் பருவத்தில் அப்படியே கேட்டார். கடைக்காரர், "நாப்பதுக்குத் தர ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டார். மூன்று டசன் தொப்பி வீட்டிலேயே கிடந்தது. எனக்கு இரண்டு மாத டியூசன் காசு இல்லாமல் போனது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

நாற்பதுக்குத் தர இருந்த ஆள் யார்? எங்கள் லயத்திலேயே, அடுத்த லயத்திலேயே இருந்த பெண்கள். அம்மாவைப் போலவே விளக்கடியில் பின்னியவர்கள். ஒருவர் வாங்கும் விலை மற்றவருக்குத் தெரியாது. அடுத்த மழைக்காலத்தில் அம்மா ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசினார். பதினொரு பேர் சேர்ந்து, 55க்குக் குறையாமல் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். கடைக்காரர் முகம் சுளித்தார். முன்பைவிடக் குறைவாக எடுத்தார். ஆனால் 55 கொடுத்தார். என் உயர்தர வகுப்பு அந்தக் காசில்தான் ஓடியது. பேராதனைக்குப் போன நாளில் நான் போட்டிருந்த சுவெட்டர் அம்மா பின்னியது. அப்போது யாராவது கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

சில ஆண்டுகளில் இயந்திரத்தில் பின்னிய தொப்பிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. அம்மாவின் வியாபாரம் அதோடு நின்றது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒற்றுமையால் இடைத்தரகரைச் சமாளிக்கலாம். இயந்திரத்தின் விலையைச் சமாளிக்க முடியாது. அதற்கு வேறு வழி வேண்டும். அந்த வழியைப் பிறர் எப்படித் தேடினார்கள் என்பதை, எனக்குத் தெரிந்த சில கதைகளால் சொல்கிறேன்.

முதல் கதை ஒரு பெண்கள் பாடசாலையில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் என்ற அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை நடத்தினார். அங்கே எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்பித்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. 1855இல்தான் அது ஒழிந்தது. அந்தப் பாடசாலையில் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். லேஸ் விற்ற காசைச் சேர்த்துச் சிலர் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கினார்கள். மால்ட்டின் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். கால்டுவெல் என்றால் நமக்கு 1856இல் வந்த ஒப்பிலக்கணம் நினைவுக்கு வரும். எலைசா இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தி, லேஸ் பின்னலைப் பரப்பினார் என்பது பலருக்குத் தெரியாது. நம்மில் பலருடைய முன்னோர் கப்பலேறி வந்தது அந்தத் திருநெல்வேலிச் சீமையில் இருந்தும்தான்.

இரண்டாவது கதை, அதே லேஸ் எப்படிப் போகக் கூடாது என்பதைக் காட்டுவது. ஆந்திராவில் கோதாவரிக் கரையில் நர்சாப்பூர் என்ற ஊர். அங்கேயும் மிஷனரிமார்தான் லேஸைக் கொண்டுவந்தார்கள். அது பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த சமூகவியலாளர் மரியா மீஸ் அந்தப் பெண்களைப் பற்றி ஆராய்ந்து 1982இல் நூல் எழுதினார். ஆயிரக்கணக்கான பெண்கள் நாள்தோறும் பல மணித்தியாலம் பின்னினார்கள். ஆனால் அவர்கள் "வீட்டில் சும்மா இருக்கும் குடும்பப் பெண்கள்", பின்னுவது "ஓய்வு நேர வேலை" என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பெண்களும் அப்படியே நம்பினார்கள். வயலில் கூலிக்குப் போன பெண்களைவிடக் குறைவாகவே அவர்களுக்குக் கிடைத்தது. வியாபாரம் செய்த ஆண்கள் செல்வரானார்கள். என் கிளினிக்கில் கேட்ட "சும்மா" என்ற சொல் கோதாவரிக் கரையிலும் கேட்டிருக்கிறது.

மூன்றாவது கதை நம் நாட்டில் நடந்தது. கொழும்பில் காலி வீதியில் பெயாஃபுட் என்ற கடையைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதைத் தொடங்கிய பார்பரா சன்சோனி ஓர் ஓவியர். 2022இல் காலமானார். நல்லாயன் கன்னியர்கள் தம்மிடம் இருந்த ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு நெசவு கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெசவுக்கு நிறமும் வடிவமும் அமைத்துத் தரும்படி ஒரு கன்னியர் தலைவி அவரைக் கேட்டதில் இருந்து அந்தக் கதை தொடங்கியது. அங்கே பரிதாபப்பட்டு யாரும் துணி வாங்குவதில்லை. அந்த நிறம் வேறெங்கும் கிடைக்காது என்பதால் வாங்குகிறார்கள். கைக்குத் திறமை இருந்தது. அதற்கு ஒரு கண்ணும் ஒரு கடையும் சேர்ந்தன.

நான்காவது கதைக்கு என் சித்தி காரணம். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1970களில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. கோத்தகிரியில் இருக்கிறார். அவரைப் பார்க்கப் போனபோது ஊட்டியில் தோடர் பெண்களின் சால்வைகளைப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை. துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை; இழைகளை எண்ணி எண்ணியே ஊசியை விடுகிறார்கள். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று எனக்குத் தெரியவில்லை. 2013இல் அந்தப் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு யாரும் இயந்திரத்தில் அச்சடித்துவிட்டு அதைத் தோடர் பூவேலை என்று சொல்லி விற்க முடியாது. சித்தி சால்வையைத் தடவிப் பார்த்து, "அவுங்களுக்குச் சொல்லிக்க ஒரு பேரு இருக்கு. நமக்கு என்ன இருக்கு?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் சுமந்துகொண்டு திரும்பினேன். நமக்கு என்ன இருக்கிறது? என் தாத்தா மூங்கிலைக் கீறிக் கொழுந்துக் கூடை முடைவார். இப்போது மலையில் நைலோன் பைதான். கூடை முடைவதை அவரிடம் யாரும் கற்றுக்கொள்ளவில்லை, நானும் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கூடையின் பின்னல் ஒழுங்கு எனக்கு நினைவிருக்கிறது. அதைக் கம்பளியில் பின்ன முடியும். தேயிலைத் தூளைக் கொதிக்க வைத்தால் பருத்தி நூலில் ஏறும் பழுப்பு நிறம் நமக்குத் தெரியும். சீருடையில் பட்ட தேநீர்க் கறை போகாது என்று அடி வாங்கியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். நுவரெலியாவில் ஏப்ரல் பருவத்துக்கு வருகிறவர்களும், ரயிலில் இருந்து தலையை நீட்டிப் படம் எடுக்கும் வெளிநாட்டுப் பயணிகளும் நம் மலையின் நினைவாக எதையோ தேடுகிறார்கள். எங்கேயோ செய்த தொப்பியில் நுவரெலியா என்று எழுதியதை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இப்போது வைத்தியராக ஓரிரு வார்த்தை. பின்னும் கைக்கு ஓய்வு வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்குங்கள். மணிக்கட்டை மடித்து வைத்துக்கொண்டு பின்னாதீர்கள். விரல் மரத்துப்போனால் "வாயு" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு மாதக் கணக்கில் இருக்காதீர்கள். சீனி வருத்தமும் தைரோயிட் குறைபாடும்கூட இதற்குக் காரணமாகலாம். இரவில் மணிக்கட்டுக்குப் பட்டி கட்டினாலே பலருக்குக் குறையும். என்னிடம் வந்த அம்மாவுக்கும் அப்படித்தான் குறைந்தது. "நிப்பாட்டிடட்டுங்களா?" என்று அவர் கேட்டபோது, பின்னுவதை நிறுத்தச் சொல்லவில்லை. பின்னும் நேரத்தைக் குறைத்து, விலையைக் கூட்டச் சொன்னேன். அது மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து. அதனால்தான் இங்கே வந்து சொல்கிறேன்.

அடுத்தது கண். நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வை மங்கும். அசாமில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தேயிலைத் தொழிலாளரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்தது. சாதாரண வாசிப்புக் கண்ணாடி கொடுக்கப்பட்டவர்கள், கொடுக்கப்படாதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாக முன்னேறினார்கள், கொழுந்து பறிப்பதில். கொழுந்துக்கே அப்படி என்றால், கண்ணி எண்ணிப் பின்னுகிறவளுக்கு எவ்வளவு உதவும் என்று யோசியுங்கள். "வயசாயிருச்சு, கண்ணு தெரியல" என்று ஊசியைக் கீழே வைத்த எத்தனையோ பேருக்கு வேண்டியிருந்தது ஒரு கண்ணாடி மட்டும்தான்.

இனி, சங்கத்திடமும் உங்களிடமும் என் வேண்டுகோள்கள்.

ஒன்று: கையால் செய்த பொருளைப் பார்த்தால் பேரம் பேசாதீர்கள். பெரிய கடையில் விலைச்சீட்டைப் பார்த்து மறுபேச்சில்லாமல் காசு கொடுக்கிற நாம், நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் ஐம்பது ரூபாய் குறைக்கிறோம். பிடிக்கவில்லை என்றால் வாங்காமல் வாருங்கள். அது அவமதிப்பு இல்லை.

இரண்டு: ஓர்டர் கொடுக்கும்போது பாதிக் காசை முன்பணமாகக் கொடுங்கள். நூல் வாங்கக் காசில்லாததால்தான் இடைத்தரகரின் நூலுக்கு அவர்கள் கட்டுப்படுகிறார்கள். பருவம் தொடங்கும் மார்கழியில் கேட்காமல், மழை பெய்யும் ஆடி ஆவணியில் கேளுங்கள். கை அவசரப்படாது, விலையும் தாழாது.

மூன்று: லண்டனிலும் டொரன்டோவிலும் மெல்பனிலும் இருக்கும் அக்காமாரே, ஊரில் ஏழைப் பெண்கள் செய்தது என்று சொல்லி விற்காதீர்கள். இரக்கப்பட்டு வாங்குகிறவர் ஒருமுறை வாங்குவார். நன்றாக இருக்கிறது என்று வாங்குகிறவர் மறுபடியும் வருவார். எந்த நிறம் அங்கே விரும்பப்படுகிறது, எந்த அளவு பொருந்தும், எது துவைத்தால் சுருங்கும் என்று எழுதி அனுப்புங்கள். பணத்தைவிட அந்தச் செய்தி பெரிய உதவி.

நான்கு: நம் கல்லூரியின் பழைய தையல் அறையை, சங்கத்தின் நூற்றாண்டு நினைவாகச் சனிக்கிழமைகளில் தாய்மாருக்குத் திறந்துவிடுவோம். நல்ல வெளிச்சம், முதுகுக்குச் சாய்வுள்ள நாற்காலி, சில கண்ணாடிகள், நல்ல ஊசிகள். அதிபர் அவர்கள் இதற்கு ஏற்கெனவே சம்மதம் தந்திருக்கிறார். அவருக்கு என் நன்றி. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அருங்கலைகள் பேரவை கைவினைஞர்களைப் பதிவு செய்கிறது. அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க, படித்த நாம் ஆளுக்கொரு சனிக்கிழமை வந்தால் போதும்.

ஒரு கட்டுப்பாடும் வேண்டும். அந்த அறைக்குள் படிக்கிற பிள்ளையைப் பின்ன உட்கார வைக்கக் கூடாது. விரும்பிக் கற்றால் மகிழ்ச்சி. ஆனால் ஓர்டர் முடிக்க வேண்டும் என்று வகுப்பைத் தவறவிடும் நாள் வரக் கூடாது. எங்கள் அம்மாமார் பின்னியது நாங்கள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

பின்வரிசைத் தங்கைமாரே, உங்களிடம் ஒன்று. உங்களில் சிலருடைய அம்மா தைக்கலாம், பின்னலாம், காகிதப்பூ செய்யலாம், ஊறுகாய் போடலாம். யாராவது "யார் செய்தது?" என்று கேட்டால் என்னைப் போலப் பதில் சொல்லாதீர்கள். நான் அந்த ஒரு வரியை முப்பது ஆண்டாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். இன்று இறக்கி வைத்துவிடுகிறேன். அன்ட்டி, அந்தத் தொப்பி கடையில் எடுத்தது இல்லை. என் அம்மா பின்னியது. அவர் மூன்றாவது வரிசையில் நீலச் சேலையில் உட்கார்ந்திருக்கிறார். இந்த உரையில் தன்னைப் பற்றி வரும் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனதும் எனக்குக் கிடைக்கப் போவதை நான் வாங்கிக்கொள்கிறேன்.

வெளியே தேநீர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். டீச்சர் போட்டுக் கொடுத்த அதே கோடுகள்தான்: நூல், நேரம், பஸ் காசு, விலை. ஒன்றை மட்டும் நான் கூட்டியிருக்கிறேன். முதல் கட்டத்தில், செய்தவரின் பேர். ஒவ்வொரு பொருளிலும் அந்தப் பேர் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு சின்னத் துணித்துண்டில் தைக்கப்படும். முதல் வரியில் என்னிடம் விரல் மரத்துப்போய் வந்த அந்த அம்மா தன் பேரைத் தானே எழுதியிருக்கிறார். ஆறு தொப்பி ஓர்டர் எடுக்கிறார். விலை அவர் போட்டது.

கேக்கை அளவோடு சாப்பிடுங்கள்.